இருபதாயிரம் மீன்களின் ஞாபகம்

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கண்ணாணை. இந்த வயதுக்கு மேல் பொய் சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. கூட்டிச் சொன்னது, குறைத்துச் சொன்னது, வேறெங்கோ கேட்டதைக் கொண்டுவந்து ஒட்டியது என்று எதுவும் இதில் இல்லை. ஒரு மீனுக்குப் போடும் தடுப்பு மருந்து ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்கு. அந்த அளவுக்குக்கூடக் கற்பனை கலக்கவில்லை. நம்புகிறவர்கள் மேலே படிக்கலாம். நம்பாதவர்களும் படிக்கலாம், தடையில்லை.

மீன் பண்ணை ஒன்றில் தொட்டி பார்க்கும் வேலையில் ஒருவன் இருந்தான். எல்லாரும் அவனை வேடிக்கை என்றே கூப்பிட்டார்கள். அவன் பேச்சு வேடிக்கையாக இருக்கும் என்பதால் அல்ல. எதையாவது வேடிக்கை பார்க்க நின்றான் என்றால் நின்ற இடத்திலேயே வேர் விட்டுவிடுவான். பேக்கரி வேலையை இழந்தது எதிர்வீட்டில் வெள்ளையடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றதில். உள்ளே ஒரு தட்டு ரொட்டி கரியாகிப் போனது. லாரி கிளீனர் வேலையை இழந்தது லாரி அழகாக வளைந்து திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றதில். அந்த லாரியில் அவன் ஏறியிருக்க வேண்டும்.

பண்ணை வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தது அண்ணி. அண்ணன் பெண்டாட்டி. பதினோரு வருடமாக அங்கே மீன்களுக்குத் தடுப்பூசி போடுகிறவள். ஊசியம்மா என்றால் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் தெரியாதவர்கள் இல்லை. "இவனா?" என்று மானேஜர் யோசித்தபோது, "இவன் ஏதாவது தப்புப் பண்ணினா என் வேலையையும் சேர்த்து எடுத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டாள். பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனால் மானேஜர் பேச்சை எழுத்தாக்கி வைக்கிற மனிதர். வருகைப் பதிவேட்டின் கடைசித் தாளில் அப்படியே எழுதி, தேதி போட்டு, இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அண்ணியின் வேலையை ஒரு தடவை பார்த்தவன் வேடிக்கையைக் குறை சொல்ல மாட்டான். தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. நடுவில் எவர்சில்வர் மேசை. ஒரு நாள் பட்டினி போட்ட மீன்களை மயக்க மருந்து கலந்த தண்ணீரில் விட்டு, அவை கிறங்கிப் புரண்டதும் அள்ளி மேசையில் கொட்டுவார்கள். உள்ளங்கை நீளம்தான் இருக்கும். அண்ணி இடது கையில் கம்பி வலைக் கையுறை போட்டிருப்பாள். அந்தக் கையால் மீனைப் புரட்டுவாள். வலது கை வயிற்றுத் துடுப்புக்கு ஒரு விரல் முன்னால் ஊசியைப் பதிக்கும். "சரி, போ" என்பாள். மீன் வழுக்கிக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெளியும் தொட்டிக்குப் போய்விடும்; அன்றைய வேலை முடிந்ததும் பழைய தொட்டிக்கே திரும்பும். புரட்டு, பதி, சரி போ. மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் ஆயிரத்தைந்நூறு போட்டால் மார்தட்டிக்கொள்வார்கள். அண்ணி நாலாயிரம் போடுவாள், அதுவும் வீட்டுக் கதை பேசிக்கொண்டே. தனக்குக் குத்தியது என்று மீனுக்குத் தெரிய வருவதற்குள் மீன் தெளிந்து நீந்திக்கொண்டிருக்கும்.

அந்த மருந்து எண்ணெயில் குழைத்தது. தவறி மனிதர் விரலில் ஏறினால் விரல் பூசணிக்காயாக வீங்கும், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் ஓடிய அனுபவம் உண்டு. அண்ணி பதினோரு வருடத்தில் தன்னை ஒரு முறைகூடக் குத்திக்கொண்டதில்லை. ஒரே ஒரு தடவை, யாரோ மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைத்திருந்த வெள்ளரிக்காய்க்குப் போட்டுவிட்டாள். கை வேகத்தில் நடந்தது. அந்த வெள்ளரிக்காய் இருபத்தெட்டு நாள் அழுகவில்லை. பண்ணைக்கு வரும் மீன் டாக்டர் அதை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலில் வைத்துத் தினமும் தொட்டுப் பார்த்தார்.

நடந்த தப்புக்கு வருவோம். ஒன்றாம் தொட்டியில் இருபதாயிரம் மீன், இரண்டாம் தொட்டியில் இருபதாயிரம் மீன். ஒரே வயது, ஒரே அளவு, ஒரே முகம். இரண்டு தொட்டிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். வாய்க்காலில் மீன் தாண்டாதபடி ஒரு கம்பித் தட்டி. முதல் நாள் ஒன்றாம் தொட்டி முழுவதற்கும் அண்ணி ஊசி போட்டாள். மறுநாள் இரண்டாம் தொட்டி. இதுதான் திட்டம்.

முதல் நாள் மத்தியானம் பாசி தேய்ப்பதற்காக வேடிக்கை அந்தத் தட்டியைக் கழற்றினான். வெயிலில் வைத்துத் தேய்த்தான். சுத்தமாகக் கழுவினான். கையிடுக்கில் வைத்துக்கொண்டு வாய்க்காலை நோக்கி வந்தான். வழியில் மேசை. மேசையில் அண்ணியின் கை. புரட்டு, பதி, சரி போ. அவ்வளவுதான், வேர் விட்டுவிட்டான். இரண்டரை மணி நேரம் தட்டியைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றான். கடைசி மீன் போனதும் ஒரு பெருமூச்சு விட்டு, தட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

காலையில் மானேஜர்தான் முதலில் பார்த்தார்.

"தட்டி எங்கய்யா?"

"இதோ இருக்கு சார்."

"அது ஏன் அங்க இருக்கு?"

"சாஞ்சிருக்கு சார்."

மானேஜர் வாய்க்காலைக் காட்டினார். மீன்கள் சந்தைக்குப் போகிறவர்கள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்துகொண்டிருந்தன. இரண்டு தொட்டியிலும் இருந்தது ஒரே கூட்டம். ஊசி போட்டது எது, போடாதது எது என்று பெற்ற தாய் வந்தாலும் சொல்ல முடியாது.

அண்ணி வந்தாள். ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டே இரண்டு தொட்டியையும் பார்த்தாள். சுவரில் சாய்ந்திருந்த தட்டியைப் பார்த்தாள்.

"கொழுந்தனாரே, நேத்து என்ன வேடிக்கை?"

"உங்களைத்தான் அண்ணி பார்த்துட்டு நின்னேன்."

"என்னைத்தான் பன்னெண்டு வருஷமா பார்க்கறீங்களே. வீட்ல சோறு போடறப்ப பார்த்தா ஆகாதா?"

"சோறு போடறப்ப இந்த வேகம் இல்லை அண்ணி."

மானேஜர் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார். கடைசித் தாளைத் திருப்பி மேசைமேல் வைத்தார். வேடிக்கை அதில் தன் கையெழுத்தையும் அண்ணியின் கையெழுத்தையும் பார்த்தான். தன் வேலை போனால் போகட்டும். அது போய்ப் பழகிய ஒன்று. ஆனால் இந்தக் கை, உலகத்தில் இன்னொன்று இல்லாத இந்தக் கை, தன்னால் வீட்டுக்குப் போவதா?

மீன் டாக்டர் பத்து மணிக்கு வந்தார். மீன்களின் வியாதி அத்தனையும் கரைத்துக் குடித்தவர். தனக்கு ஊசி என்றால் மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

"எல்லாத்துக்கும் இன்னொரு தடவை போட்டுட்டா என்ன?" என்று மானேஜர் கேட்டார்.

"ரெண்டு தடவை போட்டா குடல் வயித்துச் சுவரோட ஒட்டிக்கும். தின்னாது, வளராது. அதோட மருந்து இருபதாயிரம் மீனுக்குத்தான் இருக்கு. அடுத்தது வர ரெண்டு மாசம் ஆகும்."

"அப்ப மருந்து வந்தப்புறம் போடலாமே?"

டாக்டர் சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினார். தண்ணீரின் சூடு இருபது டிகிரி என்று எழுதியிருந்தது. "சூட்டையும் நாளையும் பெருக்கினா ஐநூறு வரணும். அப்பதான் உடம்பு அந்த வியாதியைப் படிச்சு முடிக்கும். இருபது டிகிரியில இருபத்தஞ்சு நாள். இருபத்தாறாம் நாள் ஏரியில வலைக் கூண்டுல விட்டு வளர்க்கக் கொண்டுபோக லாரி வருது. ஏரியில அந்தக் கிருமி ஒவ்வொரு வெயில் காலமும் உட்கார்ந்து காத்துட்டிருக்கு. போன வருஷம் பக்கத்துக் கூண்டுக்காரனுக்கு என்ன ஆச்சு?"

என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். கண் பிதுங்கி, உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி விழுந்து, ஒரே வாரத்தில் கூண்டே வெள்ளை வயிறாக மிதந்தது.

"அப்ப இன்னிக்கே போடணும், போடாததுக்கு மட்டும் போடணும்" என்றார் மானேஜர். பதிவேட்டின் தாளை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பேன்."

வேடிக்கை தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னான். ஊசி போட்ட மீனுக்கு இரண்டு மூன்று நாள் பசி இருக்காது. தீவனம் தூவினால் ஓடி வருவது போடாதது, வராதது போட்டது.

"யோசனை நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றாள் அண்ணி. கொழுந்தனார் தம்பியானதில் அவனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "ஆனா நம்ம வீட்லயே பாரு. காய்ச்சல்ல படுத்தாலும் உங்க அண்ணன் தட்டைக் கொண்டான்னு கேட்பாரு. நீ நல்லா இருக்கறப்பவே சாப்பிட மறந்துடுவ. மீன்லயும் ரெண்டு ரகமும் இருக்கும். தவிர, தின்ன மீனுக்கு இன்னிக்கு ஊசி போட முடியாது."

அண்ணி ஒன்றாம் தொட்டியின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். வேடிக்கைக்குச் செய்ய எதுவும் இல்லாததால், அவனுக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தான். வேடிக்கை பார்த்தான்.

"அண்ணி, கொஞ்சம் அந்தக் கோடிக்குப் போங்களேன்."

"ஏன், காத்து வரலையா?"

"போங்களேன்."

அண்ணி தொட்டியின் மறுகோடிக்கு நடந்தாள். தண்ணீருக்குள் ஒரு கறுப்பு மேகம் கிளம்பி, அவளுக்கு எதிர்த்திசையில் வந்து, வேடிக்கையின் காலடியில் ஒடுங்கியது. மீதி மீன்கள் இருந்த இடத்திலேயே வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அண்ணி திரும்பி வந்தாள். மேகமும் திரும்பிப் போனது.

"பாதிதான் ஓடுது" என்றான் வேடிக்கை. "நேத்து உங்க ஊசியைப் பார்த்தவங்கதான் ஓடறாங்க."

"நிழல்" என்றார் டாக்டர். "மீனுக்கு நிழல் பயம்."

சரி என்று மானேஜர் நின்று பார்த்தார். நிழலுக்குக் குறைவில்லாத உடம்பு அவருக்கு. ஒரு மீன் அசையவில்லை. ஏப்ரன் காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். அண்ணியின் ஏப்ரனையும் தொப்பியையும் மானேஜருக்கு மாட்டி விட்டார்கள். பட்டினி கிடந்த மீன்கள் தீவனம் என்று நினைத்து அவர் பக்கம் கூடின. டாக்டர் ஊசியையே கையில் எடுத்துக்கொண்டு போய் நீட்டினார். மீன்கள் கண்டுகொள்ளவில்லை, டாக்டருக்குத்தான் லேசாகத் தலை சுற்றியது. ஏப்ரன் இல்லாமல், தொப்பி இல்லாமல், வெறுங்கையோடு அண்ணி ஒரு எட்டு எடுத்து வைத்தாள். பாதித் தொட்டி பின்வாங்கியது.

"ஏதாவது பேசிப் பாருங்கம்மா" என்றார் டாக்டர். அவர் குரல் மாறியிருந்தது.

"என்னத்தப் பேச? அதுங்ககிட்ட நான் பேசினதே ரெண்டு வார்த்தைதான்." அண்ணி தொட்டியின் பக்கம் குனிந்து, மெதுவாக, "சரி, போ" என்றாள்.

ஓடியிருந்த பாதி, சுவரில் ஏறப் பார்த்தது.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "தடுப்பு சக்திங்கறதே ஞாபகம்தான். வந்த கிருமியை உடம்பு ஞாபகம் வெச்சுக்கும், திரும்ப வந்தா அடையாளம் கண்டு அடிக்கும். அதுக்கு இருபத்தஞ்சு நாள் ஆகும்னு புத்தகத்துல இருக்கு."

"எங்க அண்ணியை ஞாபகம் வெச்சுக்க ஒரு ராத்திரி போதும் சார்" என்றான் வேடிக்கை. அவனுக்கு அப்படியே பெருமை பொங்கியது. தான் நின்று பார்த்து மலைத்த கையை இருபதாயிரம் மீன் ஒரே நாளில் புரிந்துகொண்டதே என்று இருந்தது.

மீன்கள் எல்லாவற்றையும் ஒன்றாம் தொட்டிக்கு ஓட்டினார்கள். அண்ணி ஒரு கோடியில் நின்றாள். வேடிக்கை வலையை நடுவில் இறக்கினான். ஓடியது அந்தப் பக்கம், ஓடாதது இந்தப் பக்கம். ஒரே ஒரு மீன் மட்டும் வலைக்கருகில் அங்கேயும் போகாமல் இங்கேயும் வராமல் தத்தளித்தது. அண்ணி அதை அள்ளி உள்ளங்கையில் மல்லாத்திப் பார்த்தாள்.

"இதுவா. இதுக்குக் குத்தினப்ப புட்டியில மருந்து தீர்ந்துபோச்சு. காத்துதான் போயிருக்கும். குத்தினது ஞாபகம் இருக்கு, மருந்து இல்லை. அதான் முடிவுக்கு வர முடியாம நிக்குது." ஊசி போடாத பக்கத்தில் விட்டாள்.

மானேஜர் எதையும் சும்மா நம்புகிறவர் அல்ல. பக்கத்துக்குப் பத்து மீனாக எடுத்து அறுத்துப் பார்க்கச் சொன்னார். எண்ணெய் மருந்து போட்டிருந்தால் வயிற்றுக்குள் வெள்ளைத் திவலை தெரியும். ஓடிய பத்திலும் திவலை இருந்தது. ஓடாத பத்திலும் வயிறு கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. டாக்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அண்ணியை நோக்கிக் கை கூப்பினார். அண்ணி அவர் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

மணி பன்னிரண்டு. ஐந்து மணிக்குள் இருபதாயிரம். ஓடாததை இரண்டாம் தொட்டிக்குத் திருப்பியதும், வாய்க்காலில் தட்டியை மானேஜரே தன் கையால் மாட்டி, மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். வேடிக்கையை மேசைக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள். அவன் காதால் பார்த்தான். புரட்டு, பதி, சரி போ. அந்த வேகத்தில் மயக்கத் தொட்டியிலிருந்து மீன் அள்ளிக் கொட்டியவர்களுக்குக் கை வலித்ததே தவிர, அண்ணிக்கு வலிக்கவில்லை. ஐந்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மருந்துப் புட்டியின் கடைசிச் சொட்டும் கடைசி மீனும் ஒன்றாகத் தீர்ந்தன.

இருபத்தாறாம் நாள் மீன்கள் ஏரிக்குப் போயின. வெயில் காலம் வந்தது, கிருமியும் சொன்ன தேதிக்கு வந்தது. ஏரியில் இருந்த பதினாலு கூண்டுகளில் பதிமூன்று கூண்டுக்காரர்கள் காலையில் படகில் போய்ச் செத்த மீனைக் கூடை கூடையாக அள்ளினார்கள். இவர்கள் கூண்டில், அறுத்துப் பார்த்த இருபது போக, மிச்ச நாற்பதாயிரத்துக்குப் பக்கத்தில் இறந்தது ஒன்றே ஒன்று. அதையும் வாத்து கொத்தியதென்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

மற்றக் கூண்டுக்காரர்கள் அண்ணியைப் பார்க்க வந்தார்கள். அவர்களோடு அவளும் வேடிக்கையும் மானேஜரும் ஒரு படகில் கூண்டுக்குப் போனார்கள். படகு நெருங்க நெருங்க, நாற்பதாயிரம் மீனும் கூண்டின் மறுபக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டதில் கூண்டே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அறுவடைக்கு வலை வீசி அரித்தெடுக்க மூன்று நாள் ஆகும். அந்த வருடம் அண்ணியை ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, எதிர் மூலையில் வலையை விரித்துவிட்டார்கள். அரை நாளில் வேலை முடிந்தது.

அண்ணிக்கு மட்டும் கொஞ்சம் மனத்தாங்கல். "இத்தனை உசுரைக் காப்பாத்தியிருக்கேன் தம்பி. ஒண்ணாவது முகம் குடுத்துப் பார்க்குதா பாரு."

"அதுங்க பார்க்காட்டி என்ன அண்ணி, நான் பார்க்கறேன்ல."

"நீ பார்த்ததுலதானப்பா இவ்வளவும் வந்துச்சு."

மானேஜர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். பதிவேட்டின் கடைசித் தாள்தான். நாலாகக் கிழித்து ஏரியில் போட்டார். பிறகு புதுத் தாள் ஒன்றில், இனி ஊசி போடும் நாட்களில் வேடிக்கைக்கு வேடிக்கை பார்ப்பது மட்டுமே வேலை, தட்டியைத் தொடக்கூடாது என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போனது. அந்தப் பண்ணையில் மீன்களுக்கு ஊசி போடும் வழக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கலந்து, குஞ்சுகளை வலையோடு அரை நிமிடம் முக்கி எடுத்துவிடுகிறார்கள்.